மென்சவ்வில் அழுக்கு ஒட்டாமல் மேற்பூச்சு இடுதல்: திருகோணமலை நீருக்கான செய்முறை

கந்தளாய்க் குளத்து நீரை யூஎஃப் மென்சவ்வில் (நனோமீற்றர் அளவுத் துளைகளால் நீரை வடிக்கும் மெல்லிய தாள்) விட்டால், அதை உண்மையில் கெடுப்பது கண்ணுக்குத் தெரியும் மண் அல்ல. பாசியும் இலைகுழையும் அழுகி நீரில் விட்டுச்செல்லும் புரதம், பல்சக்கரைட்டு, ஹியூமிக் பொருள் ஆகியவைதான் துளை வாயில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணைத் திருப்பி அலசினால் கழன்றுவிடும். இவை கழலா. மென்சவ்வு செய்யப்படும் பொலிஈதர்சல்போன், பீவிடிஎஃப் ஆகிய இரண்டும் நீரை அவ்வளவாக விரும்பாத பிளாத்திக்குகள் என்பதால், புரதம் வந்து தொட்டதும் இடையில் இருந்த நீர் விலகிக்கொடுத்துவிடுகிறது. நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய படை ஒன்றை மேலே இட்டால் அந்த முதல் ஒட்டுதல் தளரும். மேற்பூச்சு செய்கிற வேலை இவ்வளவுதான்.

செய்யாத வேலைகளையும் முதலிலேயே சொல்லிவிடலாம். கிணற்று நீரின் கல்சியம் காபனேற்று வெண்படிவை இது தடுக்காது. அதற்குப் படிவுத் தடுப்பு மருந்து வேண்டும், அல்லது நீரை மென்மையாக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து தள்ளும் கலங்கலையும் இது தடுக்காது. அதற்கு மணல் வடியும் 5 மைக்ரோன் முன்வடியும்தான் வழி. தடித்த சேற்றுப்படை ஒருமுறை உட்கார்ந்த பின் அடியில் என்ன பூச்சு இருந்தாலும் ஒன்றுதான்.

எதைப் பூசுவது

எந்தப் பூச்சு அதிகம் நீரை விரும்புகிறது என்று பார்த்துத் தெரிவுசெய்பவர்கள்தான் அதிகம். அதற்கு முன் கேட்கவேண்டியது வேறு: மென்சவ்வை எதைக் கொண்டு கழுவப் போகிறீர்கள்?

இங்கே சொல்லும் பூச்சுகள் இரண்டு. டோபமீன் ஒட்சியேறிப் படிவதால் உண்டாகும் பொலிடோபமீன் பூச்சு மென்னமிலக் கழுவலைத் தாங்கும். ஆனால் குளோரீன் கழுவு மருந்தான சோடியம் ஐப்போகுளோரைற்று அதை வெளுத்து அரித்துவிடும். பிஎச் 12 ஐத் தாண்டிய கோஸ்டிக் சோடாவில் அது கரைந்து வெளியே வரும். டானிக் அமிலம்–இரும்புப் பூச்சு மறுபக்கம். சித்திரிக்கமிலம், ஒட்சாலிக்கமிலம், ஈடிடிஏ ஆகியவை அதிலுள்ள இரும்பைப் பிடுங்கிக்கொள்வதால் பூச்சு கழன்று போகும். குளோரீன் இதையும் அரிக்கும். ஆகவே கிழமைக்கொருமுறை குளோரீன் போட்டுக் கழுவும் நிலையத்துக்கு இந்த இரண்டும் சரிவராது. முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள், அல்லது பூச்சு யோசனையைக் கைவிடுங்கள். வெண்படிவுக்காக அடிக்கடி சித்திரிக்கமிலம் ஓட்டும் இடத்தில் டானிக்–இரும்பு வேண்டாம்.

கழன்றுவிடுவது எப்போதும் கெட்டதுமல்ல. அழுக்கேறிய டானிக்–இரும்புப் படையை ஒட்சாலிக்கமிலத்தால் முழுதாக உரித்துவிட்டு, மென்சவ்வைக் கழற்றாமலே புதிதாகப் பூசலாம். பொருட்செலவும் மிகக் குறைவு. களத்துக்கு இதையும், ஆய்வுகூட ஒப்பீட்டுக்குப் பொலிடோபமீனையும் நாங்கள் பரிந்துரைப்போம்.

வீட்டு ஆர்.ஓ. மென்சவ்வில் கை வைக்கவேண்டாம். அதன் மேற்படை பொலியமைட்டு. குளோரீன் அதை ஏற்கெனவே அரிக்கக்கூடியது, இரும்பு அருகில் இருந்தால் அந்த அரிப்பு இன்னும் விரைவாகும். விற்பனையாளரின் உத்தரவாதமும் போய்விடும். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் யூஎஃப் தட்டை மென்சவ்வுக்கும் பொள்நார்க் குழலுக்கும் (உள்ளே வெறுமையான மென்சவ்வு நார்களை அடுக்கிய குழல்) உரியவை.

மென்சவ்வைத் தயார்செய்தல்

பழகுவதற்கு 100 கிலோடால்ரன் (மென்சவ்வு தடுத்து நிறுத்தும் மூலக்கூறின் எடை, துளை அளவைக் காட்டும்) பொலிஈதர்சல்போன் தட்டை மென்சவ்வு நல்லது. 10 கிலோடால்ரன் போன்ற சிறு துளை மென்சவ்வில், பூச்சு நன்றாக இருந்தாலும் துளை ஒடுங்கி நீர் வராமற் போகும்.

பளபளப்பான பக்கம்தான் வடிக்கும் பக்கம். வெட்டும்போதே மறுபக்கத்து மூலையில் பென்சிலால் குறியிடுங்கள். நனைந்த பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும்.

உலர்ந்த நிலையில் விற்கப்படும் மென்சவ்வில் துளை சுருங்காமலிருக்கக் கிளிசரீன் ஏற்றியிருப்பார்கள். 25 வீத ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் ஒரு மணிநேரம் ஊறவிட்டு, பிறகு காய்ச்சிவடித்த நீரை மூன்று தடவை மாற்றி அலசுங்கள். பீவிடிஎஃப் என்றால் 50 வீத மதுசாரம் வேண்டும், இல்லாவிட்டால் துளைக்குள் நீர் புகாது. இதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் மென்சவ்வு காயக்கூடாது. மின்விசிறியின் கீழே பத்து நிமிடம் விட்டாலே போதும், ஓரம் காய்ந்து அந்த இடத்தில் பாயம் (ஒரு பரப்பினூடாக ஒரு மணியில் வடிந்துவரும் நீரின் அளவு) நிரந்தரமாக விழுந்துவிடும்.

ஈரமாக வாங்கிய மென்சவ்வில் வேறொரு பொறி இருக்கிறது. அதைப் பாதுகாக்கச் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலில் இட்டிருப்பார்கள். அது ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள். டோபமீன் கறுத்துப் படிவதோ ஒட்சியேற்றத்தால். மிச்சம் சிறிது இருந்தாலும் கரைசல் அரைமணி நேரம் நிறமில்லாமல் கிடக்கும், டோபமீன் பழசு என்று நினைத்துவிடுவீர்கள். ஓரிரவு ஊறவைத்து நீரை மாற்றுவதுதான் பரிகாரம். குழாய் நீரையும் எந்தக் கட்டத்திலும் சேர்க்கவேண்டாம். அதில் குளோரீன் இருக்கும்.

முதற் பாயம்

பூசுவதற்கு முன் வெறும் மென்சவ்வின் தூயநீர்ப் பாயத்தை அளந்து எழுதிவையுங்கள். 1.5 பார் அமுக்கத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டு மென்சவ்வை இறுகச் செய்து, பின் 1 பாருக்குக் குறைத்து, பத்து நிமிடத்தில் வரும் நீரைத் தராசில் நிறுங்கள். கன அளவை லீற்றரிலும் பரப்பைச் சதுர மீற்றரிலும் நேரத்தை மணியிலும் எடுத்து, கன அளவைப் பரப்பாலும் நேரத்தாலும் வகுத்தால் பாயம். 13.4 சதுர சென்றிமீற்றர் பரப்புள்ள கலக்கு கலத்தில் (கலக்கியுடன் கூடிய சிறு வடிகலம்) பத்து நிமிடத்தில் 25 கிராம் வந்தால், பாயம் சதுர மீற்றருக்கு மணிக்கு 112 லீற்றர்.

இந்த எண்ணை அப்படியே எழுதிவைத்தால் பிறகு தடுமாற்றம் வரும். நீரின் பாகுநிலை 25 பாகையில் 0.890, 30 பாகையில் 0.798 மில்லிபஸ்கால் செக்கன். திருகோணமலையில் ஆய்வுகூடக் குளிரூட்டி நின்றுபோன ஒரு பிற்பகலில், மென்சவ்வில் எதுவும் மாறாமலே பாயம் ஏறத்தாழ 11.5 வீதம் கூடிவிடும். அன்றைய நீர் வெப்பநிலையின் பாகுநிலையால் பெருக்கி 0.890 ஆல் வகுத்து, எல்லாவற்றையும் 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். மேலே வந்த 112, 30 பாகையில் அளந்தது என்றால், உண்மையில் 100 தான்.

பொலிடோபமீன் பூச்சு

ஒரு லீற்றர் தாங்கற் கரைசலுக்கு (பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசல்) டிரிஸ் என்ற தாங்கற்பொருள் 1.21 கிராம். 950 மில்லிலீற்றர் காய்ச்சிவடித்த நீரில் கரைத்து, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டு பிஎச் 8.5 க்குக் கொண்டுவந்து, லீற்றருக்கு நிரப்புங்கள். இதைப் பூசப்போகும் அதே வெப்பநிலையில் செய்யவேண்டும். டிரிஸின் பிஎச் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 பாகை அறையில் 8.5 ஆக இருந்தது 32 பாகை மேசையில் 8.3 ஆகிவிடும். பிஎச் மானியில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று விட்டுவிடவேண்டாம். அது மின்வாயைத் திருத்துகிறது, கரைசலை அல்ல.

மென்சவ்வைக் கண்ணாடித் தட்டின் மேல் வடிக்கும் பக்கம் மேலாக விரித்து, சிலிக்கன் இறப்பர் வளையமும் அக்கிரிலிக் சட்டமும் வைத்து, நான்கு பக்கமும் பைண்டர் கிளிப்பால் இறுக்குங்கள். கரைசலில் முழுதாக அமிழ்த்தினால் பின்பக்கத் துளைகளுக்குள்ளும் பூச்சு ஏறும், பாயம் வீணாக விழும்.

200 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலுக்கு டோபமீன் ஐதரோகுளோரைட்டு 0.4 கிராம், அதாவது லீற்றருக்கு 2 கிராம். சட்டத்தில் கரைசலை ஊற்றுவதற்குச் சற்று முன்தான் டோபமீனைக் கரைக்கவேண்டும். கரைத்ததும் பிஎச்சை மறுபடி பாருங்கள். டோபமீன் உப்பு அமிலத்தன்மை உள்ளது, 10 மில்லிமோலர் டிரிஸுக்கு அதைத் தாங்கும் வலு போதாது. 8.2 க்குக் கீழே போயிருந்தால் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் இரண்டொரு துளி விட்டு உயர்த்துங்கள்.

கரைசலின் ஆழம் ஒரு சென்றிமீற்றரைத் தாண்டவேண்டாம். தாக்கத்துக்கு ஒட்சிசன் தேவை, அது மேலிருந்துதான் வரவேண்டும். மூடியால் மூடிவிடாமல், நிமிடத்துக்கு 50–60 அசைவில் ஆட்டிக்கொண்டிருங்கள். நிறம் சில நிமிடங்களில் மங்கலான செம்மஞ்சளாகி, பின் கபிலமாகி, அரைமணி நேரத்தில் கடுங்கபிலமாகும். ஆட்டம் நின்றுவிட்டால் கரைசலுக்குள்ளேயே உருவாகும் கறுப்புத் துணிக்கைகள் மேலே வந்து படியும். அவை பூச்சு அல்ல, வெறும் தூசு. விரலால் தேய்த்தால் வந்துவிடும்.

எவ்வளவு நேரம்? 15, 30, 60 நிமிடம் என்று மூன்று துண்டு செய்து, சோதனையில் தெரிவுசெய்யுங்கள். நம்மூர் வெப்பத்தில் தாக்கம் விரைவு என்பதால், வேறு நாட்டுச் செய்முறையில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்தால் பூச்சு தடித்துவிடும். 24 மணிநேரம் விட்டால் சுமார் 50 நனோமீற்றர் வரை தடிக்கும். அது கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் சரி. சில பத்து நனோமீற்றர் துளைகளுள்ள மென்சவ்வுக்கு அவ்வளவு தடிப்பு அடைப்புத்தான்.

கரைசலை வெளியே ஊற்றிவிட்டு, காய்ச்சிவடித்த நீரால் மூன்றுமுறை அலசி, ஓரிரவு நீரில் ஊறவிடுங்கள். காலையில் நீர் நிறமற்று இருந்தால் சரி. கபிலமாக இருந்தால் தளர்ந்த துணிக்கை மிச்சமுண்டு, இன்னொரு நாள் ஊறட்டும்.

பூச்சு புள்ளிபுள்ளியாக வருகிறது என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: கிளிசரீன் முழுதாகப் போகவில்லை, சட்டத்துக்குள் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தது, அல்லது வெறுங்கையால் மென்சவ்வைத் தொட்டீர்கள்.

பொலிடோபமீன் தனியாக இருந்தால் புரதத்தை ஓரளவுதான் தள்ளும். அதற்கு மேல் பொலிஎதிலீன் கிளைக்கோலைத் தைத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஒரு முனையில் அமைன் உள்ள 5000 டால்ரன் மெதொக்சி வகையை லீற்றருக்கு 1 கிராம் எடுத்து, 60 பாகையில் ஒரு மணிநேரம் வையுங்கள். மென்சவ்வின் தரவுத்தாள் 60 பாகையை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இந்தக் கட்டத்தில் டிரிஸைத் தவிர்ப்பது நல்லது. 25 பாகையில் 8.5 ஆக இருந்த டிரிஸ் 60 பாகையில் 7.5 அளவுக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு டிரிஸிலும் அமைன் இருப்பதால் கிளைக்கோலின் இடத்துக்கு அதுவும் போட்டியிடும். பதிலாகச் சோடியம் இருகாபனேற்று லீற்றருக்கு 0.84 கிராம் கரைத்து, பிஎச்சை 8.5 க்கு உயர்த்திப் பாவியுங்கள்.

டானிக் அமிலம்–இரும்புப் பூச்சு

பிளேன்ரீ கோப்பையின் உள்ளே நாள்பட ஏறும் கறை எவ்வளவு பிடிவாதமானது என்று எல்லோருக்கும் தெரியும். பல்பீனோல்கள் கிடைத்த மேற்பரப்பில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் அதே குணத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். அதற்காகத் தேயிலைச் சாயத்தையே ஊற்றிவிடலாமா என்றால், ஒட்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக ஒட்டும். அளந்து ஒப்பிடவேண்டிய வேலைக்கு டானிக் அமிலத்தை வாங்குங்கள்.

200 மில்லிலீற்றருக்கு டானிக் அமிலம் 80 மில்லிகிராம், அறுநீரேற்று இரும்பு(III) குளோரைட்டு 20 மில்லிகிராம். இரும்புக் குளோரைட்டு இங்குள்ள ஈரக்காற்றில் சில நிமிடங்களில் கசிந்து குழம்பாகிவிடும். புட்டியைத் திறந்து உடனே நிறுத்து மூடுங்கள். கரைசலையும் அன்றன்று செய்யுங்கள். நாள்பட்டால் துருநிறத்தில் கலங்கும், அந்தக் கலங்கல் பூச்சாகாது.

சட்டத்தில் டானிக் அமிலக் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் ஆட்டி, பிறகு இரும்புக் கரைசலைச் சேர்த்து உடனே கலக்குங்கள். கருநீலம் தெரியும். இன்னொரு நிமிடத்தில் டிரிஸ் தாங்கற் கரைசல் சிறிது விட்டு பிஎச்சை 7.5 க்கு மேல் கொண்டுவந்தால் நிறம் செம்மைப் பக்கம் மாறும். இரும்பு ஒன்று மூன்று பல்பீனோல் கைகளைப் பிடித்துப் பூச்சு இறுகிவிட்டது என்பதற்கு இந்த நிறமாற்றம்தான் அடையாளம். நீலத்திலேயே நிறுத்திவிட்டால் பூச்சு தளர்வாக இருக்கும். கரைசலை வெளியே ஊற்றி அலசுங்கள். ஒரு சுற்றில் ஏறத்தாழ 10 நனோமீற்றர் படை ஏறும். இரண்டு சுற்று பெரும்பாலும் போதும்.

பூச்சு வேலைசெய்கிறதா

தொடுகைக் கோணம் (நீர்த்துளியின் விளிம்பு மேற்பரப்போடு செய்யும் கோணம்) குறைந்துவிட்டது என்று படம் போட்டு முடித்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. நீர்த்துளி பரவுவது நல்ல அறிகுறிதான், ஆனால் அது அழுக்கேறுவதைப் பற்றி எதையும் உறுதிப்படுத்தாது.

வழக்கமான சோதனை இப்படி: தூயநீர்ப் பாயம் அளத்தல், பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் பிஎச் 7.4 இல் லீற்றருக்கு 1 கிராம் மாட்டுச் சீரம் அல்புமின் கரைத்து ஒரு மணிநேரம் வடித்தல், அமுக்கமில்லாமல் 20 நிமிடம் கலக்கிக் கழுவுதல், மறுபடி தூயநீர்ப் பாயம். இரண்டாம் பாயத்தை முதற் பாயத்தால் வகுத்தால் மீட்சி வீதம். 100 இலிருந்து 88 ஆகியிருந்தால் மீட்சி 88 வீதம், மீதி 12 வீதம் கழுவியும் போகாத அழுக்கு. பார்க்கவேண்டிய எண் அந்த 12.

இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. பூச்சிட்ட மென்சவ்வு எப்போதும் சற்றுக் குறைவாகவே நீர் விடும். இரண்டையும் ஒரே 1 பாரில் ஓட்டினால், பூசாதது 110 லீற்றரை இழுக்கும்போது பூசியது 75 ஐத்தான் இழுக்கும். குறைவாக இழுப்பதன் மேல் குறைவாகத்தான் அழுக்கு வந்து சேரும். பூச்சு ஒன்றும் செய்யாமலே, துளையை ஒடுக்கியதற்காகப் பாராட்டு வாங்கிவிடும். ஒப்பிடவேண்டியது ஒரே அமுக்கத்தில் அல்ல, ஒரே தொடக்கப் பாயத்தில். பூசாததை 0.68 பாரில் ஓட்டினால் அதுவும் ஏறத்தாழ 75 க்கு வந்துவிடும். அதன் பிறகும் பூசியது வென்றால்தான் வெற்றி. வெளிவரும் முடிவுகளில் எத்தனை இந்தச் சல்லடையில் தப்பும் என்பது வேறு கதை.

கட்டுப்பாட்டுத் துண்டும் வெறும் மென்சவ்வாக இருக்கக்கூடாது. மதுசாரம், டோபமீன் இல்லாத டிரிஸ், அலசல், ஓரிரவு ஊறல் எல்லாவற்றுக்கும் அதையும் உட்படுத்துங்கள். மதுசாரம் தனியாகவே பாயத்தை மாற்றக்கூடியது. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று துண்டு.

அல்புமின் ஒன்றை மட்டும் நம்பினால் நம் நீருக்கு விடை வராது. கரையோரக் கிணறுகளின் கடின நீரில் கல்சியம் பல்சக்கரைட்டுகளை ஒன்றோடொன்று பாலம் போட்டு இணைத்துக் கூழாக்கும். சோடியம் அல்ஜினேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமும், இருநீரேற்று கல்சியம் குளோரைட்டு 147 மில்லிகிராமும் சேர்த்த கரைசலில் தனியாக ஒரு சோதனை செய்யுங்கள். அந்தக் கல்சியம் 1 மில்லிமோலர், அதாவது லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக் கடினத்துக்குச் சமன். அல்புமினில் நன்றாக நின்ற பூச்சு இங்கே தோற்பதுண்டு. மறை ஏற்றமுள்ள மேற்பரப்பில் கல்சியம் பாலத்தின் ஒரு காலை ஊன்றிவிடும் என்பதே காரணம். கடைசியாக, 5 மைக்ரோனில் வடித்த உண்மையான குளத்து நீர் அல்லது கிணற்று நீரில் ஓட்டிப் பாருங்கள். மாரியில் எடுத்த நீரும் ஆடியில் எடுத்த நீரும் ஒன்றல்ல.

அழுக்கேற்றிக் கழுவும் சுற்றைக் குறைந்தது ஐந்து தடவையாவது செய்யாமல் முடிவெழுதவேண்டாம். நீங்கள் களத்தில் பாவிக்கப்போகும் அதே கழுவு மருந்தையே இந்தச் சுற்றுகளிலும் பாவியுங்கள். முதற் சுற்றில் 90 வீதமும் ஐந்தாவதில் 60 வீதமும் என்றால், பூச்சு கழன்றுகொண்டிருக்கிறது.

குழலுக்குள் பூசுதல்

பொள்நார்க் குழலில் டானிக்கையும் இரும்பையும் ஒன்றாகக் கலந்து ஓட்டினால், உருவாகும் துணிக்கைகள் நார்களின் வாயிலேயே சிக்கிவிடும். வேறாக ஓட்டுங்கள்: டானிக் அமிலம் 10 நிமிடம், நீர் 5 நிமிடம், இரும்பு 10 நிமிடம், நீர் 5 நிமிடம், கடைசியாக பிஎச் 8 தாங்கற் கரைசல். வடிநீர் வால்வை மூடி, அமுக்கமில்லாமல் சுற்றோட்டம் மட்டும் கொடுங்கள். வால்வு திறந்திருந்தால் கரைசல் துளைக்குள் இழுபட்டு அங்கே படியும். கடைசி அலசல் நீரில் நிறம் முற்றாகப் போகும்வரை குடிநீர்ப் பாதையில் இணைக்கவேண்டாம்.

ஒரே நீரில், ஒரே பாயத்தில், பூசாத குழல் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டி, இரண்டின் அமுக்க ஏற்றத்தையும் தினமும் குறித்துவாருங்கள். அந்த இரண்டாவது குழல் இல்லாமல், மழை தொடங்கியதால் அடைத்ததா பூச்சு போனதால் அடைத்ததா என்று சொல்லமுடியாது.

கையுறை இல்லாமல் டோபமீனைத் தொட்டால் தோலில் கறை நாட்கணக்கில் நிற்கும். இரும்புக் குளோரைட்டு அரிக்கும், கண்ணுக்கு ஆபத்து. கறுத்த டோபமீன் கழிவை ஒரு நாள் அடையவிட்டு, வடிதாளில் வடித்து, சேற்றைத் திண்மக் கழிவாகக் கட்டிவையுங்கள். பூச்சை விரைவாக்கச் செப்புச் சல்பேற்றும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்தால் அந்தக் கழிவைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம். வேறு போத்தலில் சேர்த்து, சலவைச் சோடாவால் பிஎச் 9 க்கு உயர்த்தி, செம்பை வீழ்படிவாக்கி எடுத்த பிறகே மேலுள்ள தெளிநீரை வெளியே விடலாம்.